ஐந்து அறையும் ஒரு கிட்டாரும்

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் சுகமாக இருக்கிறோம். உன் தொண்டை சரியாயிற்றா? லென்ஸ் தேய்க்கும்போது தூள் பறக்குமே, மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார் உன் அண்ணன். வழக்கம்போல அவர் சொல்ல, நான் எழுத.

ஒரு சேதி. கேட்டால் சிரிப்பாய். உன் அண்ணன் எனக்கு கிட்டார் சொல்லித் தருகிறார். ஹோட்டலில் சாப்பாட்டுக் கூடத்தைப் பழுது பார்க்கிறார்களாம். சாயங்கால வாசிப்பு கொஞ்ச நாளைக்கு இல்லை. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று ஆரம்பித்தோம். கடையில் திரைச்சீலை தைத்துத் தைத்து என் விரல் நுனிகள் ஏற்கெனவே காய்த்துக் கிடக்கின்றன. அதனால் தந்தி அவ்வளவாக வெட்டவில்லை. "ஊசி போட்ட பிச்சைடி இது" என்று அவர் கிண்டல் வேறு.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

தொண்டை தேவலை. நீங்களும் அண்ணாவும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம்.

கிட்டார் சேதியைப் படித்துச் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி என்னவென்று கேட்டாள். "எங்கண்ணன் எங்கண்ணிக்கு கிட்டார் சொல்லித் தர்றாராம்" என்றேன். "எவ்ளோ கொடுத்து வெச்சவங்க" என்றாள். அதற்கப்புறம் அன்றைக்கு இரண்டு லென்ஸை உடைத்தேன்.

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நான் அண்ணா அறைக் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பேன். கதவு சாத்தியிருக்கும். "எனக்கும் சொல்லிக் குடுண்ணா" என்று எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். "உன் கை இன்னும் வளரல வாலு. வளரட்டும், பார்க்கலாம்" என்பார். கை வளர்ந்தது. வளையல் அளவு மாறியது. அவர் கண்ணுக்கு மட்டும் வளரவே இல்லை.

போகட்டும். எதுவரை வந்திருக்கிறீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாலு


பிப்ரவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் நலம். குளிர்தான் கொஞ்சம் அதிகம். உனக்கு அங்கே கம்பளி போதுமா?

எதுவரை என்று கேட்டிருந்தாய். முதல் பாட்டர்னிலேயே நிற்கிறேன். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பி பதித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறதே, அதுதான் ஃப்ரெட். ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல். தடித்த தந்தியில் ஐந்தும் எட்டும், அடுத்த மூன்று தந்தியில் ஐந்தும் ஏழும், கடைசி இரண்டில் மறுபடி ஐந்தும் எட்டும். கேட்க ஒன்றுமில்லைபோல இருக்கிறது, இல்லையா? எட்டை எட்டுவதற்குள் என் சுண்டு விரல் அழுதுவிடுகிறது. இப்படி மொத்தம் ஐந்து பாட்டர்னாம், கழுத்து முழுக்க. உன் அண்ணன் அவற்றை அறை என்கிறார். "இது முன்னறை. வெளிச்சத்தை அணைச்சாலும் நாற்காலி எங்க இருக்குன்னு தெரியணும். அப்புறம்தான் அடுத்த அறை" என்கிறார்.

எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வாயால்தான் பாடம். கிட்டாரைத் தொடுவதே இல்லை. நான் தடுமாறினால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். இவ்வளவு பொறுமை இவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

வேறென்ன? வேலைக்கு நடுவே கண்ணுக்கும் ஓய்வு கொடு.

அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

கம்பளி போதும். கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. இருக்க வேண்டியதற்கு மேலேயே நன்றாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன்.

பொறுமை என்றா எழுதியிருக்கிறீர்கள்? எங்கள் அண்ணாவுக்கா? நான் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து செருப்பு பறந்து வந்து கதவில் அடிக்கும்.

ஒரு சின்ன சந்தேகம். கடைக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வருகிற ஒருவர் கிட்டார் பழகுகிறாராம். இரண்டாவது பாட்டர்னில் எட்டாம் ஃப்ரெட்டை ஆள்காட்டியால் பிடிப்பதா, நடுவிரலாலா என்று குழம்பிப் போயிருக்கிறார். ஏழும் எட்டும் ஒட்டி ஒட்டி வருவதால் அவருக்குக் கை பின்னிக்கொள்கிறதாம். அண்ணாவிடம் கேட்டு எழுத முடியுமா? அவசரம் ஒன்றுமில்லை. ஆனாலும் சீக்கிரம் எழுதுங்கள். பாவம், அந்த மனிதர் காத்திருக்கிறார்.

இருவரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வாலு


மார்ச் 28

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கொஞ்சம் அலைச்சல். இப்போது பரவாயில்லை. நீ சுகந்தானே?

உன் கண்ணாடிக்காரருக்குப் பதில்: எட்டை நடுவிரலால் பிடிக்க வேண்டும். ஆள்காட்டியை ஏழுக்கென்று விட்டு வைக்க வேண்டுமாம். இதைக் கேட்டதும் உன் அண்ணன் சிரித்தார். "இந்த இடத்துக்கு வந்துட்டானா அந்த ஆளு? சுருக்கா வந்திருக்கானே!" என்றார். நான் இப்போதுதான் இரண்டாம் அறை வாசலில் நிற்கிறேன்.

இன்னொன்று. அந்த மஞ்சள் நிற கிட்டாரை உன் அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டார். "இனிமே இது உன்னோடது" என்று பெட்டியோடு என் பக்கம் தள்ளிவிட்டு, மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தார்.

வேலை இருக்கிறது, நிறுத்துகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கேட்கவா வேண்டும்!

அந்த கிட்டாரை வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைக்கக்கூட என்னை விட்டதில்லை. வீடு மாறியபோது வண்டியில் எல்லாச் சாமானையும் நான் ஏற்றினேன். அந்தப் பெட்டியை மட்டும் அவரே மடியில் வைத்துக்கொண்டார். அதைத்தான் பெட்டியோடு உங்கள் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டுத் துணி எடுக்கப் போனாராம்.

கண்ணாடிக்காரர் என்று யாரும் இல்லை அண்ணி. நான்தான். உங்கள் முதல் கடிதம் வந்த வாரமே ஒரு பழைய கிட்டார் வாங்கிவிட்டேன். புத்தகம் ஒன்றும் வாங்கினேன். விரல் நுனியில் தோல் உரிந்து, லென்ஸைப் பிடித்தால் ரத்தக் கறை ஒட்டுகிறது என்று முதலாளி திட்டுகிற அளவுக்குப் பழகினேன். நீங்கள் இரண்டாம் அறை வாசலில் நிற்கிறீர்கள். எனக்கு ஐந்து அறையும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மேலே போய்க் கீழே வருவேன்.

ஜூனில் விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறேன். அண்ணா நடுவில் உட்காரட்டும். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு பேரையும் கேட்கட்டும். என் கை வளர்ந்துவிட்டதா இல்லையா என்று அப்புறம் சொல்லட்டும்.

வாலு


ஏப்ரல் 19

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீ கிட்டார் பழகுவது கேட்டுச் சந்தோஷம்.

ஜூனில் வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சாமான் எல்லாம் கலைந்து கிடக்கும். உனக்குப் படுக்கக்கூட இடம் இருக்காது. பிறகு ஒரு சமயம் நானே எழுதுகிறேன், அப்போது வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மே 17

மதிப்புக்குரிய சகோதரிக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் அண்ணனோடு இந்த ஹோட்டலில் பல வருஷம் சேர்ந்து வாசித்த பியானோக்காரன்.

உங்கள் அண்ணன் பெயருக்கு ஹோட்டல் முகவரியில் நீங்கள் போட்ட கடிதம் என் கைக்கு வந்தது. அவர் இப்போது இங்கே இல்லாததால் அலுவலகத்தில் பிரித்துவிட்டார்கள், மன்னியுங்கள். 'நான் வருவது உனக்கே பிடிக்கவில்லையா, இல்லை அண்ணிக்குத்தான் பிடிக்கவில்லையா' என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் உங்களுக்கு எதுவும் தெரியாது என்று புரிந்தது. தெரியாமல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அவர் டிசம்பரிலேயே வேலையிலிருந்து நின்றுவிட்டார். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கிக்கொண்டன. நரம்பு என்கிறார்கள் வைத்தியர்கள். மார்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது. வலி குறைந்திருக்கிறது, விரல் நிமிரவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் தந்தியை அழுத்த முடியாது. கடைசி நாளில் ஒரு பாட்டின் நடுவே கையை எடுத்துவிட்டு, மீதியை என்னை வாசிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எதையும் கவனிக்கவில்லை.

நீங்கள் எழுதியிருப்பதுபோலக் கூடத்தில் பழுது வேலை எதுவும் நடக்கவில்லை. அவர் இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை. ஆள் பார்க்கும் பொறுப்பு என்னுடையது, எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆண்டவன் நல்லதே செய்யட்டும்.

இப்படிக்கு,
பியானோக்காரன்


மே 22

அண்ணிக்கு,

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. பியானோக்காரர் எல்லாம் எழுதிவிட்டார்.

ஆறு மாதம்! என் தொண்டையை விசாரித்தீர்கள், கம்பளியை விசாரித்தீர்கள். என் அண்ணனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு 'கொஞ்சம் அலைச்சல்' என்று எழுதினீர்கள். நான் என்ன பாவம் செய்தேன்? நான் அவருக்குத் தங்கச்சியா, தெருவில் போகிறவளா?

ஏன் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

வாலு


மே 30

வாலுவுக்கு,

ஏன் என்று கேட்டிருக்கிறாய். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

ஜனவரியில் உனக்கு எழுத உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொல்வதாகத்தான் இருந்தேன். அவரும் "வாலுவுக்கு எழுதிடு" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் நான் கழுத்தைப் பிடிக்க, அவர் வலது கையால் தந்தியைத் தட்ட, இரண்டு பேருமாக ஒரு கிட்டாரை வாசித்துப் பார்த்திருந்தோம். கேட்கக் கண்ணராவியாக இருந்தது. ஆனால் கை மடங்கிய பிறகு அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் காதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது தெரியுமா? ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், "வாலுவா இருந்தா இது என்ன சுரம்னு சொல்லிடுவா" என்பார். நான் ஒரு பாட்டர்னைத் தப்பாகப் போட்டால், "வாலுவா இருந்தா ஒரு தடவை கேட்டாப் போதும்" என்பார். உன் கை சின்னது என்று சொன்னதுகூடச் சும்மாதானாம். அவரே என்னிடம் சொன்னார். "கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு நான் தப்பா வாசிச்சதையெல்லாம் சரியாப் பாடிட்டுப் போவா. அவளுக்கு வேற சொல்லிக் குடுத்தா அப்புறம் எனக்கு என்னடி வேலை?"

அப்படிப்பட்டவள் நீ. சேதி தெரிந்தால் மறுநாளே வந்து நிற்பாய். நாலு நாளில் அவர் விரலாக ஆகிவிடுவாய். நான் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். அதை நினைத்தபோது பேனா நகரவில்லை. பழுது பார்க்கிறார்கள் என்று எழுதிவிட்டேன். ஒரு பொய் எழுதியபின் அடுத்ததும் அதுவாகவே வந்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதியாச்சா என்று அவர் கேட்டபோது, எழுதிவிட்டேன் என்று சொன்னேன். உனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வாசலைப் பார்த்துப் பார்த்துப் படுத்திருந்தார். "வேலை அதிகமா இருக்கும் அவளுக்கு" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வா. வந்து என்ன சொல்ல வேண்டுமோ சொல். வெள்ளையடிப்பதெல்லாம் கிடையாது.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நீங்கள் கட்டிக்கொடுத்த சாப்பாடு பாதிதான் இறங்கியது.

வரும்போது உங்களை என்ன சொல்ல வேண்டும் என்று ரயில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணா கதவைத் திறந்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டார். பின்னால் நீங்கள் கையில் விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தீர்கள். பெருக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. "லீவு குடுக்கலண்ணா" என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. உங்கள் மேல் இரக்கம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் கடைக்குப் போயிருந்த அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்லவில்லை. அண்ணாவுக்கு ஐந்து அறையையும் வாசித்துக் காட்டினேன். ஒரு சுரம் பிசகவில்லை. கேட்டுவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்கு வாலு. நல்லா உழைச்சிருக்கே" என்றார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! நான் அடுத்ததைத் தொடங்குவதற்குள் கடிகாரத்தைப் பார்த்தார். "அவ வர நேரமாச்சில்ல?" என்றார்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். பையைக்கூடச் சரியாக வைக்காமல் கிட்டாரோடு உட்கார்ந்தீர்கள். நீங்கள் கழுத்தைப் பிடித்தீர்கள், அவர் தட்டினார். உங்களுக்கு இரண்டே அறைதான் தெரியும், அதிலும் ஆயிரம் தப்பு. "ஏய், அங்க இல்லடி! கண்ணு எங்க இருக்கு?" என்று அண்ணா கத்தினார். "நீங்க மட்டும் நேராத் தட்டுறீங்களாக்கும்" என்று நீங்கள் திருப்பிக் கத்தினீர்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே முதல் அறையிலிருந்து இரண்டாவதுக்கு நீங்கள் வழுக்கிக்கொண்டு போன அந்த இடம் இருக்கிறதே, அது அப்படியே அண்ணா. கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் கேட்ட அதே வழுக்கல். நான் ஐந்து அறையையும் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் கதவே இல்லாததுபோலப் போகிறீர்கள்.

நான் இருந்த நாளில் என்னை அவர் ஒரு தடவைகூடத் திட்டவில்லை அண்ணி. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் புகழ்வதுபோலப் புகழ்ந்தார். அதுதான் தாங்கவில்லை. உங்களைப் பார்த்து வயிறு எரிகிறது. இன்னமும் எரிகிறது.

ஆனாலும் கேட்கிறேன். முதல் அறையிலிருந்து இரண்டாவதுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அண்ணா சொல்கிறபடி இல்லை, நீங்கள் செய்கிறபடி.

இருவரும் நலமாக இருங்கள். அவர் கைக்கு எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம்.

வாலு


ஜூலை 10

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று இப்போது எழுதலாம். போன வாரம் எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

உன் கடிதம் வந்த அன்றே உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எனக்காக மறைத்தது ஒரு பக்கம் உறுத்தியது. உன் தயவில் நான் இந்த வீட்டில் இருப்பதா என்ற வீம்பு இன்னொரு பக்கம். அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், நடந்தார், மாடியில் போய் நின்றார். கிட்டார் பெட்டியிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் உன்னிடமே கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். முந்தாநாள் சாயங்காலம், நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, "அதை எடு" என்றார். எடுத்தேன். அவ்வளவுதான். அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை இல்லை. வரும். வரட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

நீ கேட்டது: மூன்றாவது தந்தி. ஏழாம் ஃப்ரெட்டில் மோதிர விரல் இருக்கும். தட்டியதும் விரலை எடுக்காதே. அழுத்தியபடியே ஒன்பது வரைக்கும் இழு. விரல் ஒன்பதில் நிற்கும்போது உன் ஆள்காட்டி தானாகவே ஏழுக்கு மேல் வந்திருக்கும். கீழே பார்த்தால் நீ ஏற்கெனவே இரண்டாம் அறைக்குள் நிற்பாய். துணியில் மடிப்பை விரலால் நீவிவிடுகிறேனே, அதே மாதிரிதான். ஒன்பது எங்கே என்று தேடாதே. துணி முடிகிற இடம் விரலுக்குத் தெரியும்.

எழுதிவிட்டு உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். என் வார்த்தையிலேயே வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய். ஆனாலும் அவரிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும் ஆரம்பித்தார்: "எழுது அந்த மரமண்டைக்கு. அஞ்சு அறையையும் மனப்பாடம் பண்ணிட்டா வாசிப்பு ஆயிடுமா? பரீட்சையா எழுதுறா? இங்க வந்து உட்கார்ந்து ஒப்பிச்சுட்டுப் போனாளே, ஒரு சுரமாவது மூச்சு விட்டுதா? விரல்ல இருக்கிற இரும்பைக் கழட்டி வெச்சுட்டு மூணாவது தந்தியை மட்டும் ஒரு மாசம் இழுக்கச் சொல்லு அந்தக் கழுதையை..."

இப்படியே என் தேநீர் ஆறிப்போகிற வரைக்கும் திட்டினார். முகம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். எனக்கு எவ்வளவு எரிந்தது என்றும் எழுத மாட்டேன்.

எல்லாத் திட்டையும் உனக்கே எழுதி அனுப்பச் சொன்னார். பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். மீதியை நானே வைத்துக்கொண்டேன்.

அன்புடன்,
அண்ணி